எரித்துவிடாதீர்கள்: கண்டி மாநகர சபையில் உழைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி மாநகர சபையில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணாமார், அக்காமார், நானாமார், தம்பி தங்கையர் அனைவருக்கும், நம்மோடு உழைத்து மறைந்தவர்களின் பிள்ளைகளுக்கும்,

ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ கந்தோர்க் காலத்துச் சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்று இருக்கும். சம்பளத் துண்டு, நியமனக் கடிதம், பிரியாவிடைப் படம், பெரஹரா கடமை அட்டை என்று எதையாவது போட்டுவைத்திருப்பீர்கள். அவற்றை எரித்துவிடாதீர்கள். போத்தலும் பேப்பரும் வாங்க வருகிறவரின் தராசிலும் போட்டுவிடாதீர்கள். இந்த நகரத்தின் வரலாற்றில் நம் பங்கு எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் பல வேளைகளில் அந்தப் பெட்டிதான்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது புத்தாண்டுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது. சாமான்களை முற்றத்துக்கு எடுத்துவைத்தபோது, சுகாதாரப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் நான் சேர்த்த தகரப் பெட்டியும் வெளியே வந்தது. அன்று பின்னேரம் முழுவதும் அதோடுதான் இருந்தேன். உள்ளே இருந்தவை விலைபோகும் பொருள்கள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் பெயரோ கையெழுத்தோ இருந்தது. அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. மூன்று பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் பெட்டியில் எதைத் தேட வேண்டும் என்று அவை உங்களுக்குக் காட்டும்.

முதலாவது, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு குறிப்பேடு. எசல பெரஹரா இரவுகளில் ஆட்களைப் பிரித்துவிட்ட கணக்கு அதில் இருக்கிறது. தலதா வீதிக்கு யார் யார், திருகோணமலை வீதிக்கு யார் யார், ராஜ வீதிக்கு எத்தனை ஈர்க்கு விளக்குமாறு, எத்தனை தள்ளுவண்டி, பிளேன்டீயும் பணிஸும் எத்தனை பேருக்கு என்று பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறேன். கங்காணி ஒருவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எழுதியது. அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களின் பெயரும் தகப்பன் பெயரும் அவர் வாயில் வரிசை தவறாமல் வரும். ஒரு பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே, “பிள்ளைக்குக் காய்ச்சல், 2 மணிக்கு அனுப்பியது” என்று இருக்கிறது. அவர் போன பிறகு அவருடைய பகுதியைக் கூட்டியவரின் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது.

பெரஹராவைப் பற்றி எத்தனையோ படங்களும் புத்தகங்களும் வந்துவிட்டன. ஐந்து நாள் கும்பல், ஐந்து நாள் ரந்தோலி, கெட்டம்பேயில் நீர் வெட்டு, பிறகு பகல் பெரஹரா என்று அதன் ஒழுங்கு உலகத்துக்கே தெரியும். கடைசி யானை தலதா மாளிகைக்குள் போன பிறகு என்ன நடந்தது என்பது நமக்குத்தான் தெரியும். தீப்பந்தங்களிலிருந்து விழுந்த கொப்பரைத் துண்டுகள் தார் வீதியில் கனன்றுகொண்டு கிடக்கும். அவற்றுக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் விளக்குமாறு போட முடியும். தெளிக்காமல் கூட்டினால் ஈர்க்கு கருகிவிடும். யானைச் சாணத்தை மண்வெட்டியால் வழித்தெடுத்து, கச்சான் கோதையும் சோற்றுப் பார்சல் தாள்களையும் வேறாகக் குவிக்க வேண்டும். குட்ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ் புறப்படும் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் வெள்ளை உடுத்து மலர்த்தட்டோடு வருகிறவர்கள் கழுவிவிட்ட வீதியில்தான் கால் வைத்தார்கள். அதைச் செய்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை. என் குறிப்பேட்டில் இருக்கிறது. உங்களில் சிலருடைய குறிப்பேடுகளிலும் இருக்கும்.

இரண்டாவது, 1983 ஜூலைக் கடைசி வாரத்தில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த நாட்களில் தந்த ஊரடங்கு அனுமதிச் சீட்டு. தட்டச்சில் அடித்து முத்திரை குத்திய அரைத் தாள். என் பெயர், பதவி, போகக்கூடிய நேரம், அவ்வளவுதான் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் சிங்களத்தில் பென்சிலால் ஒரு விலாசம் எழுதியிருக்கிறது. நம் சிங்கள ஓவசியர் ஒருவர் எழுதித் தந்தது. “ஏதும் நடந்தால் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வா, கதவைத் தட்ட வேண்டாம், பின்பக்கம் திறந்திருக்கும்” என்றார். நான் போக வேண்டி வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது, முன்பக்கத்துக்காகவும் பின்பக்கத்துக்காகவும்.

அந்த நாட்களில் கண்டிக் கடைத்தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாம்பலையும் உடைந்த கண்ணாடியையும் அள்ள வேண்டிய வேலை சுகாதாரப் பகுதிக்கு வந்தது. அதை அள்ளிய கைகளில் பாதிக்கு மேல் தமிழ்க் கைகள். தங்களுக்குக் கடன் கொடுத்த முதலாளியின் கடை வாசலில் நின்று ஒருவரும் ஒன்றும் பேசாமல் அள்ளிப் போட்டார்கள். அந்தக் கலவரத்தைப் பற்றிப் பெரிய நூல்கள் வந்திருக்கின்றன. மறுநாள் வீதியைத் துப்புரவாக்கியவர்கள் யார் என்ற ஒரு வரி அவற்றில் என் கண்ணில் பட்டதில்லை.

மூன்றாவது, நடக்காத ஒரு விழாவின் கடமைப் பட்டியல். 1998 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரப் பொன்விழா கண்டியில் நடக்கவிருந்தது. இங்கிலாந்து இளவரசர் சார்ள்ஸ் வருவதாக இருந்தது. சுவர்களுக்குப் பூச்சு, வடிகான்களுக்கு மூடி, வாவிக்கரைச் சுற்றுவேலி என்று நாம் மாதக்கணக்கில் ஓடினோம். ஜனவரி 25ஆம் திகதி ஞாயிறு காலை தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்தது. பலர் மாண்டார்கள். விழா கொழும்புக்குப் போனது. மாளிகைக்கு முன்னால் வாகனம் ஓடிய பாதை அன்று மூடப்பட்டது, இன்றுவரை திறக்கவில்லை. பொன்விழா நாளில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதில் பெயர் உள்ளவர்களில் பலர் பத்து நாள் முந்தியே வேலைக்கு அழைக்கப்பட்டார்கள், இடிபாட்டை அள்ளுவதற்காக.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். நகரம் கொண்டாடிய இரவிலும், எரிந்த நாளிலும், குண்டில் சிதறிய காலையிலும் வீதியில் நின்றவர்கள் ஒரே ஆட்கள்தான். அவர்கள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று நம் பெட்டிகளில்தான் இருக்கிறது.

நம் சபை சின்னச் சபை அல்ல. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்போடு கூடவே உருவானது. இன்று 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நடக்கிறது. நகரின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயராக சேர் குடா ரத்வத்தை 1939இல் வந்தார் என்று எழுதியிருக்கிறது. வாவியை 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தான் என்று எழுதியிருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்தை ஷெர்லி டி அல்விஸ் வடிவமைத்தார், 1950இல் திறந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வாவியின் கரையை நாளும் கூட்டியவர், மத்திய ஓடையில் இறங்கி அடைப்பெடுத்தவர், துனுமடலாவக் காட்டு நீர்த்தேக்கத்தைக் காவல் காத்தவர் யார் என்று எழுதியிருக்கவில்லை. எல்லா நகரங்களிலும் கல்வெட்டில் பெயர் ஏறுகிறவர் ஒருவர், கல் சுமக்கிறவர் இன்னொருவர். ஆனால் நம் விஷயத்தில் இந்தக் குறை வெறும் மனக்குறையாக நிற்கவில்லை. சிலருக்கு அது நாடு இழக்கும் குறையாகவே முடிந்தது.

மஹியாவையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நகர் துப்புரவுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து லயங்களில் குடிவைத்த குடும்பங்கள் அவர்களுடையவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களைப் போலவே அவர்களையும் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி குடியுரிமை கேட்பவர், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். திருமணமானவர் ஏழு ஆண்டு, மற்றவர்கள் பத்து ஆண்டு. காட்டுவதற்கு அவர்களிடம் காணி உறுதி ஏது? செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் பேர் இருந்தது, சம்பளத் துண்டு இருந்தது, ஓவசியர் தந்த கடிதம் இருந்தது. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு ஒரு வழி பிறந்தது. மழையில் நனையவிட்டவருக்கு வழி அடைபட்டது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு தலைநகரங்கள் மனிதர்களைப் பங்கிட்டன. தலைமன்னாரில் கப்பலேறிய உறவினர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அப்போதும் கேள்வி அதேதான்: அன்றைக்கு நீ இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? மரப்பெட்டியில் தாத்தாவின் சம்பளத் துண்டைத் துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிமார் நம்மைவிடத் தெளிவானவர்கள்.

ஓய்வூதிய விஷயத்திலும் இதுவே. மலைநாட்டில் வேறொரு உள்ளூராட்சி மன்றத்தில் வேலை செய்த என் உறவினர் ஒருவர் மறைந்தபோது, அவருடைய சுயவிபரக் கோவையில் பாதி ஆண்டுகள் காணாமல் போயிருந்தன. மனைவி வைத்திருந்த பழைய சம்பளத் துண்டுகள்தான் விதவைகள் ஓய்வூதியத்துக்கு வழி திறந்தன. ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அவை இருந்தன.

“கந்தோரில் பதிவு இருக்குமே, நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொது நிறுவனங்கள் ஆவணங்களைக் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஏற்கெனவே இருந்த ஆவணங்களுக்குக் குறைந்தது பத்து ஆண்டு, புதியவற்றுக்குக் குறைந்தது பன்னிரண்டு ஆண்டு என்பதுதான் அதன் அளவு. ஒருவரின் சேவைக்காலமே அதைவிட நீளம். கும்பல் பெரஹரா இரவில் யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற விவரம் எந்தக் கோவைக்குள்ளும் ஏறாது. கட்டடத்துக்குள் இருப்பதாலேயே ஓர் ஏடு பத்திரம் என்றும் இல்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் அந்த ஊர் மாநகர சபையின் நூலகம். 1981இல் ஒரே இரவில் சுமார் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அங்கே சாம்பலாயின. ஒரு சுவடி ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் அந்த இரவில் கற்றுக்கொண்டார்கள்.

ஆள்பவர்களின் ஏடுகள் மட்டும் எப்படியோ தப்பிவிடுகின்றன. பிரித்தானிய அரசாங்க அதிகாரி லெனார்ட் வூல்ஃப் 1907இல் கண்டிக் கச்சேரிக்கு வந்து, அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டைக்குப் போனார். அங்கே அவர் எழுதிய அரசாங்க நாட்குறிப்பு 1960களில் நூலாக வந்தது. அவர் உப்பளம், மாட்டுநோய், வழக்கு என்று அன்றாடம் எழுதியது இன்று வரலாற்றுச் சான்று. அவர் எழுத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் கங்காணி சொல்லி நான் எழுதியதும் அன்றாட நிர்வாகக் குறிப்புத்தான் என்கிறேன். அதையும் அதே மதிப்போடு பாதுகாக்க வேண்டும்.

நம் கண்ணெதிரே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. இயந்திரங்களையும் துரைமாரின் கதையையும் அங்கே பார்க்கலாம். அது மட்டுமல்ல, கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் தொழிலாளருக்கென்று தனி அருங்காட்சியகம் அமைத்தது. பழைய லயத்து அறைகளில் தொழிலாளர் புழங்கிய சாமான்களும் கடதாசிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளருக்கு அது கிடைத்தது. நகரத் தொழிலாளருக்கு இன்னும் ஓர் அலுமாரிகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, படங்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவது. மை வேண்டாம், மென்மையான பென்சில் போதும். இடமிருந்து வலமாக யார் யார், எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். தெரியாத முகத்துக்கு மற்ற நண்பர்களிடம் கேளுங்கள். பெயர் இல்லாத படம் இன்னும் இருபது வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது, கண்டியின் ஈரத்திலிருந்து கடதாசியைக் காப்பது. இரண்டு பருவ மழையும் படும் ஊர் இது. ரப்பர் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த ஊசியையும் ஸ்டேப்பிளையும் மெல்ல எடுத்துவிடுங்கள். பொலித்தீன் உறைக்குள் கட்டிவைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே பருத்தித் துணியில் சுற்றுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டு போடுங்கள். லாமினேட் செய்யவே வேண்டாம், பிறகு அதை ஒருபோதும் பிரிக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை வெயில் நேரடியாகப் படாத இடத்தில் காற்றாட வையுங்கள்.

மூன்றாவது, பிரதி எடுப்பது. பேரப்பிள்ளைகளின் கைபேசி போதும். மூலத்தை நீங்களே வைத்திருங்கள், பிரதியைக் கொடுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் இருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. நம் சபையே நடத்தும் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் வாசலில் இருக்கிறது. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும்.

நான்காவது, வாய்ச்சொல்லைப் பதிவது. எழுதத் தெரியாத கங்காணிமாரும் தொழிலாளரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கடதாசி இராது, ஞாபகம் இருக்கும். வாளிக் கக்கூஸ் காலத்தை, அதற்காக அவர்கள் பட்ட சாதி அவமானத்தை, தேநீர்க் கடையில் தனிக் கோப்பை வைத்ததை அவர்கள் சொன்னால் மறைக்காமல் பதியுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சபைக்குச் சொந்தமான கோவையோ முத்திரையோ தவறி உங்கள் வீட்டில் இருந்தால், அது நினைவுப்பொருள் ஆகாது. சபையிடமே ஒப்படையுங்கள். இன்னொருவரின் நோய், கடன், தண்டனை பற்றிய கடதாசி இருந்தால் அவருடைய குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் காட்டாதீர்கள்.

2023 மார்ச்சில் கலைந்த சபை 2025 மே தேர்தலுக்குப் பின் மீண்டும் கூடியிருக்கிறது. புதிய உறுப்பினர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் ஒரு மூலையைத் தாருங்கள். மேயர்மாரின் படங்கள் சுவரில் தொங்கட்டும். அதற்குக் கீழே ஒரு கண்ணாடி அலுமாரியில் ஈர்க்கு விளக்குமாறும், செக்ரோல் பக்கமும், கடமை அட்டையும், அவற்றுக்குரியவர்களின் பெயரும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கும்போது தங்கள் பாட்டியின் பெயரை அச்சில் காண்பார்கள். 2020இல் கொரோனாவால் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது குப்பை லொறியில் போனவர்களின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

நண்பர்களே, நம் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறோம். ஒவ்வொரு மரண வீட்டிலும் ஒரு பெட்டி காலியாகிறது. அடுத்த எசல பெரஹரா தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு படத்தையாவது எடுத்து, பின்பக்கத்தில் பெயர்களை எழுதி முடியுங்கள். பிறகு அந்தப் படத்தில் இருப்பவர்களில் உயிரோடு உள்ள ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

உங்களோடு உழைத்த,
சுகாதாரப் பகுதியின் பழைய எழுதுவினைஞர்,
கட்டுக்கலை, கண்டி.